நிரல் மொழியான வரலாறு

வானொலி நிலையத்தில் ஒவ்வொரு நாளும் அறிவிப்பாளரின் மேசைமீது அன்றைய நிகழ்ச்சி நிரல் ஒன்று இருக்கும். இன்ன மணிக்கு மங்கல இசை, இன்ன மணிக்குச் செய்தி, அதன்பின் உழவர்களுக்கு ஓர் உரை, அதன்பின் வாய்ப்பாட்டு என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். 'நிரல்' என்னும் சொல்லுக்கு வரிசை, ஒழுங்கு என்பதே பொருள். தொல்காப்பியர் 'நிரல்நிறை' என்று கூறுவதும் சொற்களை வரிசைப்பட நிறுத்திப் பொருள்கொள்ளும் முறையையே. நிரலின் இயல்பு எளிது. ஒன்று முடிந்தால் அடுத்தது. அது முடிந்தால் அதற்கடுத்தது. நிரல் எதையும் ஆராய்வதில்லை, எதையும் வினவுவதில்லை.

ஆயின் அறிவிப்பாளரின் நெஞ்சில் வேறோர் ஆணையும் பதிந்திருக்கும். 'வெளியூரிலிருந்து வரும் அஞ்சலுக்கு இடையூறு நேர்ந்தால், இணைப்பு மீண்டும் கிடைக்கும் வரை வீணையிசையை ஒலிக்கச் செய்க' என்பதே அது. இவ்வொரு வாக்கியம் மேசைமீதுள்ள நிரலினின்றும் முற்றும் வேறுபட்டது. 'நேர்ந்தால்' என்பதிலுள்ள 'ஆல்' உலக நிலையை ஆராய்ந்து வழியைத் தெரிந்தெடுக்கச் சொல்கிறது. 'வரை' என்பது, எத்தனை முறை என்று முன்கூட்டிச் சொல்லாமலே ஒரு செயலைத் திரும்பச் செய்யச் சொல்கிறது. வரிசையில் நில்லாத இரண்டு ஆற்றல்கள் இங்கே தோன்றிவிட்டன. இவற்றோடு நிரல் பேசத் தொடங்குகிறது எனலாம்.

கணிப்பொறிக்கு மனிதன் எழுதிக் கொடுக்கும் ஆணைத் தொகுதிக்கும் நாம் தமிழில் 'நிரல்' என்றே பெயரிட்டிருக்கிறோம். ஆனால் அத்துறையினர் தமக்குள் ஒரு வேற்றுமை பாராட்டுவர். சிலவற்றை 'நிரல்மொழி' என்று பெருமையாக அழைப்பர். சிலவற்றை 'வெறும் ஸ்கிரிப்ட்' என்று ஒதுக்குவர். 'ஸ்கிரிப்ட்' என்பது நாடக மேடையிலிருந்து வந்த சொல்; நடிகன் சொல்லவேண்டியதை வரிசையாக எழுதிவைத்த ஏடு என்பது அதன் பொருள். எது மொழி, எது ஏடு? எல்லைக்கோட்டை எங்கே இழுப்பது? இது பட்டம் வழங்கும் வழக்கன்று. ஓடும் இரும்பின் அருகே நிற்கும் தொழிலாளியின் விரல்களும், அவனுடைய உழைப்புக்கு நாம் தரும் மதிப்பும் இவ்வினாவில் அடங்கியிருக்கின்றன. அதனை ஓர் ஆலையின் வாயிலிலிருந்தே தொடங்கிக் காண்போம்.

பெங்களூரிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், கன்னடமும் தமிழும் உருதும் கலந்து ஒலிக்கும் பகுதி அடுகோடி. 1951ஆம் ஆண்டில் தோன்றிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி இங்கேதான் தன் ஆலையை அமைத்தது. ஊரார் அதனை 'மைக்கோ' என்று சுருக்கி அழைத்தனர். ஜெர்மானியப் பொறிஞர் ராபர்ட் பாஷின் பெயர் தாங்கிய நிறுவனத்தின் கூட்டுறவோடு, மோட்டார் வண்டிகளுக்கு வேண்டிய ஸ்பார்க் பிளக்குகளையும், டீசல் எஞ்சின்களுக்கு எண்ணெய் செலுத்தும் பம்புகளையும் அது ஆக்கி வந்தது. 2008ஆம் ஆண்டில் அதன் பெயர் பாஷ் லிமிடெட் என மாறிற்று. பெயர் மாறிய பின்னும் நகரத்தில் 'மைக்கோ லேஅவுட்' என்னும் குடியிருப்பின் பெயரில் பழைய சொல் நிலைத்திருக்கிறது.

அந்த டீசல் பம்பின் உள்ளமைப்பைச் சற்று நோக்குவோம். அதன் அடியில் ஓர் எஃகுத் தண்டு சுழலும். தொழிலாளர் அதனைக் கேம் ஷாஃப்ட் என்பர். எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்றாக அதில் புடைப்புகள் இருக்கும். தண்டு சுழலச் சுழல, அந்தந்தப் புடைப்பு தனக்கு மேலுள்ள பிளஞ்சரை உந்தும். எண்ணெய் மிகுந்த அழுத்தத்தோடு உரிய சிலிண்டருக்குள் பீச்சப்படும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் பெரும்பாலும் 1, 3, 4, 2 என்னும் முறையில் இது நிகழும். 1, 3, 4, 2 என்பது ஒரு நிரல். அந்நிரல் தாளில் எழுதப்பெறவில்லை, எஃகில் கடைந்தெடுக்கப்பட்டது. எஞ்சின் உயிரோடிருக்கும் வரை அதனை மாற்ற இயலாது.

பம்பின் ஓரத்தில் கவர்னர் என்னும் மற்றோர் உறுப்பும் உண்டு. அதில் சுழலும் எடைகள் இருக்கின்றன. வேகம் மிகுந்தால் எடைகள் வெளிப்புறமாக விரிந்து எண்ணெயின் அளவைக் குறைக்கும். வேகம் தணிந்தால் உட்சுருங்கி அளவைக் கூட்டும். 'மிகுந்தால் குறை, தணிந்தால் கூட்டு' என்னும் இரண்டு 'ஆல்'கள் இங்கே இரும்பில் உறைந்து நிற்கின்றன. எனினும் இதனை மொழி என்று கூற நாம் தயங்குகிறோம். ஏன்? கவர்னருக்குப் புதிய கருத்து ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் புதிய கவர்னரையே செய்ய வேண்டும். பொறி வேறு, பொறிக்கு இடும் ஆணை வேறு என்று பிரிந்தாலன்றி மொழிக்கு இடமில்லை. எழுதவும் அழிக்கவும் மீண்டும் எழுதவும் ஆவதே மொழி.

அந்தப் பிரிவு நெசவாலையில் நிகழ்ந்தது. 1804ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டின் லியோன் நகரத்து ஜக்கார்ட், துளையிட்ட அட்டைகளால் தறியின் பாவு நூல்களை ஆளும் முறையை நிலைநாட்டினார். அட்டைகளை மாற்றினால் பூவேலை மாறும், தறி மாறவேண்டியதில்லை. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளிலும் ஜக்கார்ட் பெட்டி ஏறியிருப்பதை நேயர்கள் பலர் கண்டிருப்பர். ஆணை பொறியை விட்டு வெளியே வந்துவிட்டது. ஆயினும் அட்டைக்கு வினவும் ஆற்றல் இல்லை. நூல் அறுந்தாலும் அட்டை அறியாது. அடுத்த அட்டை தன் முறைப்படி வந்து நிற்கும். ஜக்கார்ட் அட்டைக் கோவை நல்லதொரு நிரல், மொழி அன்று.

இங்கிலாந்தில் சார்ல்ஸ் பாபேஜ் அவ்வட்டைகளையே எடுத்துக்கொண்டு 1830களில் பகுப்பாய்வுப் பொறி ஒன்றைக் கருதினார். கணக்கின் இடையே கிடைக்கும் விடையை நோக்கி, அதற்கேற்ப அட்டைகளைப் பின்னோக்கி நகர்த்தவும் முன்னோக்கித் தாண்டவும் அதற்கு வழி வகுத்தார். 1843ஆம் ஆண்டில் அடா லவ்லேஸ் அப்பொறியைக் குறித்து வெளியிட்ட குறிப்புகளில், பெர்னூலி எண்களைக் கணிப்பதற்குரிய ஆணைமுறையை அட்டவணையாக்கிக் காட்டினார். பொறி முற்றுப்பெறவில்லை. ஆயினும் நிரல் தன் சொந்த விடையைத் தானே படித்துப் பார்த்து வழி மாறும் என்னும் கருத்து உலகிற்குக் கிடைத்தது.

இக்கருத்து எளிதில் கைவந்துவிடவில்லை என்பதற்கு நூறாண்டு கழித்துத் தோன்றிய பொறிகளே சான்று. 1941ஆம் ஆண்டில் கோன்ராட் ட்சூஸ என்னும் ஜெர்மானியர் பெர்லினில் முடித்த இசட் 3 என்னும் கணிப்பொறி, துளையிட்ட திரைப்படச் சுருளிலிருந்து ஆணைகளைப் படித்தது. 1944ஆம் ஆண்டில் ஹார்வர்டில் பணிக்கு வந்த மார்க் 1 காகித நாடாவைப் படித்தது. ஒரே செயலைத் திரும்பச் செய்ய வேண்டின், நாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கிவிடுவர்! மீளுதல் இவ்வாறு பசையினால் கிடைத்தது. ஆனால் 'இப்படியாயின் இவ்வழி, அன்றாயின் அவ்வழி' என்று கிளைபிரியும் ஆணை இரண்டிலும் தொடக்கத்தில் இல்லை. கணக்கில் பெரும்புலிகளாயினும் அவை பட்டியலைப் படிக்கும் பொறிகளாகவே பிறந்தன.

எது போதும், எது குறை என்று அளப்பதற்குரிய கோலை அதற்கு முன்னரே, 1936ஆம் ஆண்டில், ஆலன் டூரிங் வகுத்திருந்தார். ஒரு நாடா, அதில் எழுதவும் படிக்கவும் ஒரு தலை, நிலைக்கேற்ப மாறும் சில விதிகள். இவ்வளவே கொண்ட கற்பனைப் பொறி, விதிமுறைப்படி கணிக்கத்தக்க எதனையும் கணிக்கும் என்று காட்டினார். 1966ஆம் ஆண்டில் போம், ஜாகோபினி என்னும் இரு இத்தாலியர் அதனை நடைமுறைக்கு நெருங்கிய வடிவில் கூறினர். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தல், இரண்டில் ஒன்றைத் தெரிதல், நிபந்தனை உள்ளவரை மீளச் செய்தல் ஆகிய மூன்றும் இருந்தால் எந்தக் கணிமுறையையும் எழுதிவிடலாம் என்பது அவர்கள் நிறுவியது. இவற்றோடு, மாறும் மதிப்புகளை நினைவில் நிறுத்த வேண்டிய அளவு இடமும் வேண்டும். நிரல் மொழியாவதற்குரிய இலக்கணம் இவ்வளவே. அறிவிப்பாளரின் நிரலும், அவர் நெஞ்சிலுள்ள 'ஆல்', 'வரை' என்பனவும் இவ்விலக்கணத்திற்குள் அடங்கிவிடுவதை நேயர்கள் காண்பர்.

இவ்வரலாறு நம் நாட்டிலும் படிப்படியாக நிகழ்ந்தது. 1950களின் இடைப்பகுதியில், அடுகோடிக்கு வடக்கே மல்லேசுவரத்தை அடுத்துள்ள இந்திய அறிவியல் கழகத்தில், வின்சென்ட் ரைடவுட் என்னும் அமெரிக்கப் பேராசிரியரின் துணையோடு பிரெடா என்னும் ஒப்புமைக் கணிப்பொறி அமைக்கப்பட்டது. அதற்கு ஆணை எழுதுவதில்லை. கம்பிகளை இங்கிருந்து அங்கு செருகுவார்கள். மின்னழுத்தத்தின் ஏற்றத்தாழ்வே விடை. அப்பணியில் ஈடுபட்ட இளைஞருள் ஒருவர் ஈரோட்டில் பிறந்த வி. இராஜாராமன். பிற்காலத்தில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், 1963ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஐ.பி.எம். 1620 பொறியின் வாயிலாகப் பல தலைமுறை மாணவர்களுக்கு ஃபோர்ட்ரான் கற்பித்து, 1982ஆம் ஆண்டில் மீண்டும் பெங்களூருக்கே வந்து சேர்ந்தவர் அவர். கம்பி செருகிய கையே மொழி கற்பித்த கையாக மாறியது.

அதே காலத்தில் பம்பாயில், சென்னையில் பிறந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்ற ரங்கசாமி நரசிம்மனின் தலைமையில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் தம் கையாலேயே ஓர் எண்கணிப்பொறியைச் சமைத்தனர். 1960ஆம் ஆண்டில் அது முறைப்படி பணிக்கு வந்தது. 1962ஆம் ஆண்டில் பிரதமர் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். அதன் நினைவகத்தில் 40 பிட் அளவுள்ள 2,048 சொற்கள் மட்டுமே அடங்கும். அந்தச் சிற்றிடத்திலும் கிளைபிரிதலும் மீளுதலும் உண்டு. ஆகவே அதன் எண்வடிவ ஆணைமுறை, கற்பதற்குக் கடினமாயினும், மொழியே. இதே நரசிம்மன் 1967ஆம் ஆண்டில், நிரல்மொழிகளையும் கணிப்பொறிகளையும் ஒரே கோட்பாட்டின்கீழ் அடக்கிக் காண முயன்ற நெடுங்கட்டுரை ஒன்றை வெளியிட்டார். பொறியையும் மொழியையும் ஒரே நோக்கில் ஆராயலாம் என்னும் துணிவு அத்தலைப்பிலேயே விளங்குகிறது.

மொழியை ஏடு என்று தவறாக மதித்தால் வரும் கேட்டிற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்றுண்டு. 1964ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் 360 என்னும் கணிப்பொறிக் குடும்பத்தை அறிவித்தது. ஒரு வேலையைப் பொறியிடம் ஒப்படைக்கும்போது, எந்த நிரலை ஓட்டுவது, எந்தக் கோப்பை எடுப்பது என்று சொல்வதற்குச் சில கட்டுப்பாட்டு அட்டைகளை முன்னும் பின்னும் சேர்க்க வேண்டும். இதனை ஜே.சி.எல். என்பர். அதனைச் சமைத்தோர், 'இவை சில அட்டைகள்தாமே' என்று எண்ணினர். ஆனால் பயன்படுத்துவோர்க்கு நிபந்தனையும் வேண்டியிருந்தது. முந்தைய படி பிழையாக முடிந்தால் அடுத்ததை நிறுத்த வேண்டுமே! ஆகவே நிபந்தனையை ஓர் ஒட்டாகச் சேர்த்தனர். அதுவும் தலைகீழாக அமைந்தது. உலகத்து மொழிகளெல்லாம் 'நிபந்தனை உண்மையானால் செய்' என்று கூற, இது 'உண்மையானால் செய்யாது விடு' என்று கூறிற்று. மீளச் செய்வதற்கோ வழியே இல்லை.

1973ஆம் ஆண்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இக்குடும்பத்தின் வழிவந்த ஐ.பி.எம். 370/155 நிறுவப்பட்டது. இத்தகைய பொறிகளில் பயின்ற மாணவன், தன் ஃபோர்ட்ரான் நிரலைக் கருத்தூன்றி எழுதுவான். அதற்கு முன்னே வைக்க வேண்டிய, இரட்டைச் சாய்கோடுகளில் தொடங்கும் அட்டைகளையோ நண்பனிடமிருந்து அப்படியே படியெடுத்துக் கொள்வான். ஒன்று மொழி, மற்றது மந்திரம் என்பது அவன் எண்ணம். அந்த மந்திரத்தில் ஒரு காற்புள்ளி பிறழ்ந்தாலும் வேலை ஓடாமலே திரும்பி வரும். பல்லாண்டுகளுக்குப் பின், 2010ஆம் ஆண்டில், 360 வரிசையின் மென்பொருளுக்குத் தலைமை தாங்கிய ஃபிரெடெரிக் புரூக்ஸ் தம் நூல் ஒன்றில் மனந்திறந்து எழுதினார். ஜே.சி.எல். உலகத்திலேயே மிக மோசமான நிரல்மொழி என்றும், அது தம் மேற்பார்வையில் பிறந்தது என்றும், அது ஒரு மொழி என்பதையே உணராமற்போனதுதான் அடிப்படைப் பிழை என்றும் அவர் ஒப்புக்கொண்டார். மொழி என்று அறிந்திருந்தால் அதற்கு இலக்கணம் வகுத்திருப்பர். ஏடு என்று எண்ணியதால் ஒட்டுப்போட்டனர்.

அட்டை அறையை விட்டு மீண்டும் ஆலைக்குள் நுழைவோம். 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், துளைநாடாவினால் இயங்கும் மில்லிங் மெஷின் ஒன்று காட்டப்பெற்றது. அதன் வழிவந்த சி.என்.சி. பொறிகள் இன்று பெங்களூரின் பீன்யாவிலும் கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் பெரிய ஆலைகளிலும் சிறிய பட்டறைகளிலும் ஓடுகின்றன. அவற்றுக்குரிய ஆணைமுறையை 'ஜி கோடு' என்பர். ஜி 00 என்றால் விரைந்து நகர்; ஜி 01 என்றால் நேர்கோட்டில் வெட்டு; ஜி 02 என்றால் வலஞ்சுழியாக வளை; ஜி 03 என்றால் இடஞ்சுழியாக வளை. இவ்வளவில் அது கேம் ஷாஃப்டின் பேரனே. வரி வரியாக விரலை வைத்துப் படித்தால், வெட்டுளி எந்த நொடியில் எங்கே நிற்கும் என்பதைத் தாளைக் கொண்டே கூறிவிடலாம்.

ஆயின் பிற்காலத்துப் பொறிகளில் 'மேக்ரோ' என்னும் வசதி சேர்ந்தது. எண்களுக்குப் பதிலாக மாறிகளை எழுதலாம். 'இம்மதிப்பு இதனின் மிகுந்தால் அவ்வரிக்குச் செல்' எனலாம். 'இந்நிபந்தனை உள்ளவரை திரும்பச் செய்' எனலாம். அந்த நாளிலேயே ஜி கோடு எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது. அதன் எழுத்துகள் மாறவில்லை, பெயர் மாறவில்லை, இயல்பு மாறிவிட்டது. இப்போது வெட்டுளி எங்கே நிற்கும் என்பது தாளில் மட்டும் இல்லை. அந்நேரத்து மாறியின் மதிப்பிலும் இருக்கிறது. ஆகவேதான் அனுபவமுள்ள செட்டர், புதிய நிரலை ஏற்றியவுடன் நேரே ஓட்டிவிடுவதில்லை. பணிப்பொருள் இல்லாமல் வெறுமனே ஓட்டிப் பார்ப்பார். பிறகு ஒரு வரிக்கு ஒரு முறை பொத்தானை அழுத்தி நிறுத்தி நிறுத்திச் செல்வார். 'டிரை ரன்', 'சிங்கிள் பிளாக்' என்று பட்டறையில் வழங்கும் இவ்விரு சொற்களும், நிரல் மொழியாகிவிட்டது என்பதைத் தொழிலாளியின் கை முதலில் அறிந்துகொண்டதற்கு அடையாளங்கள். பதிவேட்டில் அவர் 'ஆபரேட்டர்' என்றே குறிக்கப்பட்டிருந்தாலும், மேக்ரோ எழுதும் நேரத்தில் அவர் மொழியாளரே.

கணிப்பொறி அறையிலும் இக்கதை மீண்டும் நிகழ்ந்தது. 1960களின் முற்பகுதியில் லூயி பூசான் என்னும் பிரெஞ்சுக்காரர், தட்டச்சில் அடிக்கும் ஆணைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்து ஒருங்கே ஓட்டும் ரன்காம் என்னும் வசதியைச் செய்தார். அது ஏடே. அவ்வழியில் தோன்றிய யூனிக்ஸ் அமைப்பின் 'ஷெல்' 1971ஆம் ஆண்டில் எளிய வடிவில் வந்தது. 1979ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்டீவன் போர்னின் ஷெல்லில், மாறிகளும் கிளைகளும் சுழல்களும் முழுமையாக இடம்பெற்றன. 'இஃப்' என்று தொடங்கும் பகுதியை அதே எழுத்துகளைத் திருப்பி 'ஃபி' என்று முடிக்கும் வேடிக்கையும் அதில் உண்டு. அன்றுமுதல் ஷெல் ஒரு மொழி. ஆயினும் அதில் எழுதப்படுவனவற்றை உலகம் இன்றும் 'ஸ்கிரிப்ட்' என்றே அழைக்கிறது.

வேறு அளவுகோல்களால் எல்லை காண முயல்வாரும் உண்டு. முழு நிரலையும் ஒருங்கே பொறிமொழியில் பெயர்த்துவிட்டு ஓட்டினால் மொழி, வரி வரியாகப் படித்து ஓட்டினால் ஏடு என்பது அவற்றுள் ஒன்று. இது நில்லாது. 1964ஆம் ஆண்டில் டார்ட்மத் கல்லூரியில் பிறந்த பேசிக் மொழி, முதலில் ஒருங்கே பெயர்க்கப்பட்டே ஓடியது. 1984ஆம் ஆண்டில் நம் பள்ளிகளில் தொடங்கிய கிளாஸ் திட்டத்தின் பி.பி.சி. மைக்ரோ பொறிகளில் அதே பேசிக் வரி வரியாகப் படிக்கப்பட்டு ஓடியது. மொழி ஒன்று, ஓட்டும் முறை வேறு. நீளத்தால் அளப்பதும் பிழை. 1995ஆம் ஆண்டில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் முதல் வடிவம் சமைத்த ஜாவாஸ்கிரிப்ட், இணையப் பக்கத்திற்கு ஒரு சிறு துணை என்று கருதப்பட்டது. பின்னர்ப் பெரும் பணிகளையெல்லாம் தாங்கும் தூணாயிற்று. 1998ஆம் ஆண்டில் ஜான் ஔஸ்டர்ஹவுட் கூறிய பிரிவு மட்டும் ஓரளவு பயனுடையது. உறுப்புகளை அடியிலிருந்து செய்வதற்குச் சில மொழிகள், செய்த உறுப்புகளை இணைப்பதற்குச் சில மொழிகள் என்றார் அவர். கொத்தனார் வேறு, செங்கல் சுடுபவர் வேறு; ஆனால் அது தொழிற்பிரிவேயன்றி உயர்வுதாழ்வு அன்று.

அங்ஙனமாயின் ஒவ்வொரு நிரலையும் மொழியாக்கிவிடுவதே நன்றா? அன்று. மொழியின் ஆற்றலுக்கு விலையும் உண்டு. அந்த விலையையும் 1936ஆம் ஆண்டிலேயே டூரிங் கூறிவிட்டார். முழு ஆற்றலுள்ள மொழியில் எழுதிய எந்த நிரலைக் காட்டினாலும், அது ஒருநாள் நிற்குமா, நில்லாது சுழன்றுகொண்டே இருக்குமா என்று ஐயமின்றி முன்கூட்டிக் கூறும் பொதுமுறை ஒன்று இருக்கவே இயலாது என்பது அவர் நிறுவிய உண்மை. பட்டியல் நிச்சயமாக முடியும். எப்போது முடியும் என்று எண்ணியும் சொல்லலாம். மொழி அவ்வுறுதியைத் தாராது. 'வரை' என்னும் சொல் மனிதனுக்குத் தந்த பேராற்றல், 'முடியும்' என்னும் உறுதியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டது.

இதன் பொருளை அடுகோடியின் பிற்கால வரலாறு நன்கு விளக்கும். டீசல் எண்ணெயின் அளவை ஆளும் பணி கேம் ஷாஃப்டிலிருந்தும் கவர்னரிலிருந்தும் சிறிது சிறிதாக மின்னணுப் பெட்டிக்கு மாறியது. 1986ஆம் ஆண்டில் பாஷ் நிறுவனம் டீசலுக்குரிய மின்னணுக் கட்டுப்பாட்டை வெளியிட்டது. 1997ஆம் ஆண்டில் காமன் ரெயில் என்னும் முறை வந்தது. எஃகில் கடைந்த நிரல், எழுதி மாற்றத்தக்க மொழிக்குள் குடிபுகுந்தது. ஆயின் நெடுஞ்சாலையில் விரையும் வண்டியின் பெட்டிக்குள் 'நிற்குமோ, நில்லாதோ' என்னும் ஐயத்திற்கு இடமில்லை. ஆகவே 1998ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் வெளியான மிஸ்ரா சி என்னும் விதித்தொகுதி, மோட்டார் வாகனத் துறையினர் பயன்படுத்தும் சி மொழிக்குத் தானே வேலி கட்டிற்று. ஒரு செயற்கூறு தன்னைத் தானே அழைப்பது போன்ற உரிமைகளை அது விலக்கிற்று. மொழியின் ஆற்றல் முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு, அறிந்தே சிலவற்றைத் துறப்பது இது. அறியாமையால் ஜே.சி.எல். குறைபட்டது; அறிவினால் மிஸ்ரா சி தன்னைக் குறைத்துக்கொண்டது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அடுகோடியில் பாஷ் நிறுவனத்தின் புதிய தொழில்நுட்ப வளாகம் திறக்கப்பட்டது. எஃகு கடைந்த இடத்தில் இன்று பொறிஞர்கள் மொழி எழுதுகிறார்கள். கடைசற்காரரிடம் இருந்த எச்சரிக்கை அவர்களுக்கும் வேண்டும்.

இறுதியாக நம் மொழிக்கே வருவோம். முத்து அண்ணாமலை என்பார் 2009ஆம் ஆண்டில் 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியைக் குறித்து ஆய்வுரை வெளியிட்டார். 2013ஆம் ஆண்டில் அது யாவரும் எடுத்தாளும்படி திறந்து வைக்கப்பட்டது. 'பதிப்பி' என்றால் திரையில் எழுதும். நிபந்தனைக்கு அதில் உள்ள சொல் 'ஆனால்'. மீளுதலுக்கு உள்ள சொல் 'வரை'. பைதான் என்னும் வேறொரு மொழியின் தோளில் ஏறி நின்று அது ஓடுகிறது என்பதைக் காட்டி, 'இது மொழியா, மொழிபெயர்ப்பா' என்று வினவுவார் உண்டு. நாம் கண்ட இலக்கணத்தை வைத்து விடை கூறலாம். பிற மொழியின் ஆணைகளுக்குத் தமிழ்ப் பெயர் ஒட்டி வரிசையாக அடுக்கியிருந்தால் அது பட்டியலே. தெரிதலும் மீளுதலும் மதிப்பை நினைவில் நிறுத்துதலும் அதற்கு உண்டு. ஆதலின் அது மொழியே. அதனை மொழியாக்கியது அதன் தமிழ் எழுத்து அன்று. அந்த 'ஆனால்' என்பதும் 'வரை' என்பதுமே. ஆங்கிலம் அறியாத ஒரு சிறுவனும் தன் தாய் சமையலறையில் நாள்தோறும் சொல்லும் இரண்டு சொற்களைக் கொண்டே கணிமுறையின் வாயிலுக்குள் நுழையலாம் என்பது அதன் தனிச்சிறப்பு.

ஆகவே, ஒருவர் எழுதியதை மொழி என்பதா, ஏடு என்பதா என்று ஐயுறும்போது, அதன் பெயரையும் நீளத்தையும் எழுதியவரின் பதவியையும் நோக்க வேண்டா. அது வினவுகிறதா, வினவிய விடைக்கேற்ப வழி மாறுகிறதா, முடிவு தெரியாமலே மீளுகிறதா என்று நோக்குக. ஆம் எனின் அது மொழி; எழுதியவருக்கு மொழியாளரின் மதிப்பையும், எழுதியதற்கு மொழிக்குரிய சோதனையையும் அளிப்பது கடன். இல்லை எனின் அது நிரல். அதன் உறுதியே அதன் பெருமை. வானொலி நிலையத்தில் மேசைமீதுள்ள நிரலும் வேண்டும், அறிவிப்பாளரின் நெஞ்சிலுள்ள 'நேர்ந்தால்' என்னும் சொல்லும் வேண்டும். ஒன்றை மற்றொன்றாக மயங்காதிருப்பதே அறிவு.